ஒன்றும் படிக்காத மணித்தியாலங்கள்

காலையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு நிற்கும்போது என் கைத்தொலைபேசி ஒரு சின்னச் சத்தம் போடும். அது லீட்ஸில் இருக்கும் மகள் அல்ல. அவள் அந்நேரம் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் வசந்தியும் அல்ல. அவள் அந்நேரம் கடைசிப் பாடவேளைக்கு வெண்கட்டியோடு நிற்பாள். அரசாங்கம்தான் கூப்பிடுகிறது. ‘இந்த வாரம் எத்தனை மணித்தியாலம் படித்தீர்கள்? உங்கள் ஜேர்னலில் பதிவு செய்யுங்கள்.’ ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகும் ஒரு மனுசியைப் பார்த்து ஒரு நாட்டின் அரசாங்கம் இப்படிக் கேட்பது, லண்டனுக்கு வந்த இத்தனை வருடங்களில் நான் கண்ட புதினங்களுக்குள் பெரிய புதினம். என் அப்பாகூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் உண்மை சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பழக்கம்தான் என்னை இங்கே வில்லங்கத்தில் மாட்டியது.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லவேண்டும். இங்கே வேலை பறிபோனால் அரசாங்கம் பெனிபிட் என்ற உதவிப்பணம் தரும். சும்மா தராது. வாரத்துக்கு முப்பத்தைந்து மணித்தியாலம் வேலை தேடவேண்டும். தேடியதை ஜேர்னல் என்ற இணையப் பதிவேட்டில் எழுதவேண்டும். எழுதியதை ஜொப் சென்டரில் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வேர்க் கோச் என்ற அலுவலர் வாசிப்பார். வேலை தேடுவதே பெரிய வேலையாகப் போய்விட்டது என்று எங்கள் ஆட்கள் பகிடியாகச் சொல்வதுண்டு. பகுதிநேரமாகப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு இதில் ஒரு சின்ன வழி இருக்கிறது. இந்தப் படிப்பு உங்களை ஒரு வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று வேர்க் கோச் நம்பினால், படிக்கும் மணித்தியாலங்களில் ஒரு பகுதியை அந்த முப்பத்தைந்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். நம்பாவிட்டால் இல்லை. படிப்பை விட்டுவிட்டு வேலை தேடவேண்டியதுதான்.

நான் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு குசினியில் பதினொரு வருடம் நின்றவள். தட்டில் ஒரு கோழித்துண்டு, பக்கத்தில் மூன்று கரட், மேலே ஈயத்தாள். எந்தத் தட்டு எந்த நாட்டுக்குப் பறக்கிறது என்றுகூடத் தெரியாது. அந்தக் காலத்தில்தான் என் கணவர் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் தாதி அவருடைய கையிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சின்னக் குழாய்களில் நிரப்பி, ஊதா மூடி, மஞ்சள் மூடி, நீல மூடி என்று பிரித்து வைப்பாள். இவை எங்கே போகின்றன என்று ஒரு நாள் கேட்டேன். கீழே லாப்புக்கு என்றாள். ஊரில் உயர்தர வகுப்பில் நான் பெயர் பெயராகப் பாடமாக்கிய செங்குழியமும் வெண்குழியமும் அந்தக் குழாய்க்குள் இருந்தன. அவர் இறந்து ஒரு வருடம் கழித்து, மருத்துவ ஆய்வுகூடத் துறையில் பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. வார இறுதியில் குசினி, செவ்வாயும் வியாழனும் வகுப்பு என்று மூன்று வருடம் ஓடியது. பிறகு ஒரு நாள் குசினியை மூடிவிட்டார்கள். கடைசி வருடத்துக்குள் காலடி வைக்க எனக்கு ஒரு பரீட்சைதான் மிச்சமிருந்தது.

என்னுடைய வேர்க் கோச்சின் பெயர் மார்ஷா. என் வயதுதான் இருக்கும். பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள் என்று ஒருமுறை சொன்னார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதைக் காணவில்லை என்று மேசை முழுவதும் தேடுவார். அவரை எனக்குப் பிடிக்கும். முதல் சந்திப்பிலேயே என் படிப்பை ஏற்றுக்கொண்டு, இரண்டு நாள் வகுப்பு, வீட்டுப் படிப்புக்கும் கொஞ்ச நேரம், மீதி நேரம் வேலை தேடல் என்று எழுதித் தந்தவர் அவர். நான் எழுதியவற்றைப் பிழை பிடிக்காமல் வாசித்தவரும் அவர்தான். நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ போனபோது, கணினியைப் பார்த்தபடி சாதாரணமாகக் கேட்டார்.

“படிப்பு எப்படிப் போகிறது? வகுப்பைத் தவிர வீட்டில் எவ்வளவு படிக்கிறீர்கள்?”

“ஐயோ, ஒன்றும் படிக்கவில்லை” என்றேன்.

“ஒன்றுமே இல்லையா?”

“புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று வையுங்கள்” என்று சொல்லிச் சிரித்தேன்.

ஊரில் என்றால் எதிரில் இருப்பவரும் சிரித்து, உம்மைத் தெரியாதோ எனக்கு என்று ஒரு பார்வை பார்த்திருப்பார். மார்ஷா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி ஏதோ தட்டச்சு செய்தார். பிறகு என்னைப் பார்த்து, நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் குருதி உறைதலின் படிகளை முதலிலிருந்து கடைசி வரைக்கும், கடைசியிலிருந்து முதல் வரைக்கும் இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பரீட்சைக்கு முதல் அங்கே யாரும் படிப்பதில்லை. அதாவது, படிப்பதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வசந்தியும் நானும் ஒரே வகுப்பு, ஒரே டியூட்டரி, டியூட்டரியில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். இரண்டு பேருமே உயிரியல் பிரிவு. அவளுடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு வேலி தள்ளி. விடிய ஐந்து மணிக்கு அவள் விலங்கியலைச் சத்தம் போட்டுப் பாடமாக்குவது எங்கள் கிணற்றடி வரைக்கும் கேட்கும். ஏழரைக்குச் சைக்கிளில் சேர்ந்து போகும்போது கேட்டால், “நான் இப்பதானே எழும்பினனான்” என்பாள். “அப்ப உங்கடை வீட்டிலை விடியப்புறம் மண்புழுவைப் பற்றிக் கதைச்சது ஆர்?” என்றால், “அது றேடியோ” என்பாள். பற்றரியைக் கண்ணால் காண முடியாத காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றித்தான் ஆட்கள் செய்தி கேட்டார்கள். அப்படி வேர்க்க விறுவிறுக்கச் சுற்றி மண்புழுவின் சமிபாட்டுத் தொகுதியைக் கேட்கிற வீடு இந்த ஊரிலே எது என்று நான் கேட்பேன். அவள் சிரித்துச் சிரித்துச் சைக்கிளை வேலியில் கொண்டுபோய்ச் சாத்துவாள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. பரீட்சைக்கு முதல் நாள் வசந்தி கொப்பி வாங்க வந்தபோது, கட்டிலில் படுத்துப் போர்த்துக்கொண்டு தலையிடி என்று சொன்னேன். போர்வைக்குள் தாவரவியல் புத்தகம் இருந்தது. மறுநாள் பரீட்சை மண்டபத்து வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒன்றும் படிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே போனோம். ஏன் அப்படிச் சொன்னோம்? நாவூறு பட்டுவிடும் என்ற பயம் ஒன்று. படித்தேன் என்று சொல்லிவிட்டுப் பெறுபேறு சரியாக வராவிட்டால் முகத்தை எங்கே வைப்பது என்பது இன்னொன்று. அதற்குள் கொஞ்சம் இரக்கமும் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். இரவிரவாக ஷெல் விழுந்து, பதுங்குகுழிக்குள் இருந்துவிட்டு உண்மையிலேயே படிக்க முடியாமல் வந்த ஒருத்தி எங்களுக்குள் நிற்கக்கூடும். அவளுடைய மனம் உடையக்கூடாது. இங்கே என் வகுப்புப் பிள்ளைகளும் சில வேளைகளில் ஒன்றும் படிக்கவில்லை என்பார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை.

மார்ஷாவைச் சந்தித்து இரண்டு நாள் கழித்துக் கைத்தொலைபேசி சத்தம் போட்டது. என்னுடைய தனிப்பட்ட படிப்பு நடக்கவில்லை என்று நானே தெரிவித்திருப்பதால், படிப்புக்கென்று ஒதுக்கிய மணித்தியாலங்கள் மீளப் பெறப்படுகின்றன. முப்பத்தைந்து மணித்தியாலமும் இனி வேலைக்காகவே செலவிடப்பட வேண்டும். அடுத்த வாரம் முதல் செவ்வாயும் வியாழனும் ஒரு பண்டகசாலையில் இரண்டு வாரப் பயிற்சிக்கு என் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது. போகாவிட்டால் சாங்ஷன், அதாவது பெனிபிட் வெட்டு. செவ்வாயும் வியாழனும் எனக்கு ஆய்வுகூடச் செய்முறை வகுப்பு. மூன்று வகுப்புகளுக்கு மேல் தவறினால் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள். காய்ச்சலில் படுத்து ஏற்கெனவே இரண்டைத் தவறவிட்டிருந்தேன். இந்த நான்கும் போனால் வருடம் போய்விடும். ஐம்பது வயதில் இன்னொரு வருடத்தை நான் எங்கே போய்த் தேடுவது?

மகளுக்கு அழைத்துச் சொன்னேன். “அம்மா, வை வுட் யூ சே தட்?” என்றாள். “எவ்ரி மோர்னிங் ஃபைவ் ஓ க்ளொக் எழும்பிப் படிக்கிறீங்கள்தானே?”

“ஓம்.”

“தென்?”

இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல், சாப்பிட்டியா என்று கேட்டுக் கதையை முடித்தேன்.

விளங்கக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். சனிக்கிழமை காலை வசந்தியைக் கூப்பிட்டேன். அவள் இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறாள். பழைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கியபோதுதான் இருபது வருடத்துக்குப் பிறகு அவளுடைய குரலைக் கேட்டேன். அதன் பிறகு வாரம் ஒருமுறை கதைப்போம். பிள்ளைகள், பிரஷர், மாங்காய் விலை, யாருக்கு யார் சம்பந்தி என்று எல்லாம் கதைப்போம். ஒன்றை மட்டும் கதைக்க மாட்டோம். அதை நான் பிறகு சொல்கிறேன். நடந்ததைக் கேட்டு வசந்தி சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவில்லை.

“எடி விசரி, வெள்ளைக்காரன்ரை கந்தோரிலை போய் அதைச் சொன்னனியோ?”

“வாயிலை தானா வந்திட்டுதடி.”

“புத்தகத்தைத் திறக்கவேயில்லை எண்டும் சொன்னனியோ? ஐயோ கடவுளே!” அவளுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறியது. “நீ ஒண்டும் படிக்கேல்லை எண்டு சொன்னால், முழுக்கப் படிச்சு முடிச்சிட்டாய் எண்டு எனக்கு அப்பவே தெரியும். ஒருநாளும் நான் அதை நம்பினதில்லை. போகேல்லை எண்டு நீ சொன்னதைத்தான் நம்பிப்போட்டன். அதுவும் அதே மாதிரித்தான் எண்டு எனக்குப் பிடிபட்டிருக்க வேணும்.”

இதுதான் நாங்கள் கதைக்காத விஷயம். உயர்தரப் பெறுபேறு வந்து, வசந்திக்கும் எனக்கும் ஊரிலேயே விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ப் பதிய வேண்டும். எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் சந்தித்துச் சேர்ந்து போவது என்று பேச்சு. ஆனால் ஜெர்மனியில் இருந்த அண்ணன் என்னை அங்கே எடுக்க ஏஜென்சி ஒழுங்கு செய்து முடித்திருந்தார். போய்ச் சேரும் வரைக்கும் ஒரு காகத்துக்கும் தெரியக்கூடாது என்று அப்பா சொன்னார். அந்த நாட்களில் எல்லா வீடுகளிலும் அப்படித்தான். வெளிநாட்டுப் பயணத்தை வாய்விட்டுச் சொன்னால் குழம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை வசந்தி வந்தாள். “உங்கடை வீட்டிலை ஒரே பெட்டி அடுக்கிற சத்தமாக் கிடக்கு. எங்கையும் போறியளோ?” என்று கேட்டாள். “ஒரு இடமும் போகேல்லை. எட்டு மணிக்கு வாறன்” என்றேன். எட்டு மணிக்கு நான், கொழும்புக்குப் போய்ச் சேர, திருகோணமலைக்குப் போகும் கப்பலுக்காக வரிசையில் நின்றேன். அவள் பத்தரை வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் எனக்காக நின்றுவிட்டுத் தனியே போய்ப் பதிந்தாள் என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு வேறொருத்தி சொல்லித்தான் அறிந்தேன்.

ஜெர்மனியில் ஒன்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடித்தேன். அங்கேதான் கல்யாணம், அங்கேதான் மகள். பிறகு லண்டன். இத்தனை வருடத்தில் ஊருக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. முதலில் விசா இல்லை, பிறகு சண்டை, பிறகு பிள்ளையின் படிப்பு, பிறகு அவருடைய வருத்தம் என்று நான் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் ஊருக்குள் போகவேண்டும் என்பதும் உண்மை. அன்று தொலைபேசியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சுக்கொள்ளடி என்று சொல்ல வாயெடுத்தேன். வசந்தி அதற்கு இடம் விடவில்லை. படிப்பிக்கிற ரீச்சரின் குரலில் கேட்டாள்.

“இப்பவும் எழுதி எழுதித்தானே படிக்கிறனி?”

“ஓம்.”

“எழுதின பேப்பர் எல்லாம் எங்கை?”

“கிடக்குது.”

“பிறகென்ன? அள்ளிக்கொண்டு போய் அவவின்ரை மேசையிலை கொட்டு.”

பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்களுக்கு எழுதக் கடதாசி கிடையாது. திருவிழா நோட்டீஸின் பின்பக்கம், கண்ணீர் அஞ்சலித் துண்டின் பின்பக்கம், பழைய பரீட்சைத் தாளின் ஓரம் என்று எழுதினோம். இடம் முடிந்தால் நீல மைக்கு மேலே சிவப்பு மையால் எழுதினோம். பூக்கும் தாவரங்களின் பாகுபாட்டை நான் இறந்துபோன யாரோ ஒரு பெரியவரின் அந்தியேட்டி அழைப்பின் பின்னால்தான் பாடமாக்கினேன். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. புதுக்கொப்பியில் எழுதினால் எனக்கு மனதில் நிற்காது. ஈஸ்ட் ஹாமில் நான் மரக்கறி வாங்கும் கடையில் புதுவருடத்துக்கு ஒரு தினக்கலண்டர் தருவார்கள். ஒரு நாளுக்கு ஒரு தாள். முன்பக்கத்தில் பெரிதாகத் திகதி, கீழே திதி, நட்சத்திரம், இராகுகாலம். அந்த இராகுகாலம் லண்டனுக்கா யாழ்ப்பாணத்துக்கா என்று கடைக்காரத் தம்பியை ஒருமுறை கேட்டேன். “ரெண்டுக்கும் பொதுவாப் போட்டிருக்குதக்கா” என்றார். தினமும் விடிய ஐந்து மணிக்கு அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்க வெள்ளையில் அன்றைய பாடத்தை எழுதிப் பார்ப்பேன். ஒரு தாள் போதாவிட்டால், அந்தத் தாளோடு கடை விளம்பரங்களையும் கடித உறைகளையும் சேர்த்துக் குத்துவேன். எழுத்துள்ள கடதாசியைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரிய கடைப் பையில் எல்லாம் இருந்தன.

அவசரச் சந்திப்பு ஒன்று கேட்டு, திங்கட்கிழமை அந்தப் பையோடு போனேன். வாசலில் நின்ற காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு, மறுசுழற்சிக்குப் போடும் இடம் பின்பக்கம் இருக்கிறது என்று அன்பாகச் சொன்னார். நான் உள்ளே போய் மார்ஷாவின் மேசையில் பையை வைத்தேன்.

“இது என்ன?”

“என்னுடைய படிப்பு.”

மார்ஷா கண்ணாடியைத் தேடினார். நெற்றியைக் காட்டினேன். ஒரு கட்டை எடுத்துத் திருப்பினார். ஆங்கிலத்தில் நொதியங்களின் பெயர்கள், பக்கத்தில் தமிழில் நான் ஊரில் படித்த பெயர்கள், அம்புக்குறிகள், ஓரத்தில் பருப்பு ஒரு கிலோ, உள்ளி. மறுபக்கம் திருப்பினார். பெரிய எழுத்தில் திகதி. அடுத்த கட்டு, அடுத்த திகதி. ஒரு நாளும் இடையில் விடுபடவில்லை. என் கணவரின் திவசத்தன்றுகூட எழுதியிருந்தேன்.

“கீழே இருக்கும் இந்த நேரங்கள் என்ன? படித்த நேரமா?”

“இல்லை. அது கூடாத நேரம். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம் நல்ல காரியம் தொடங்கக்கூடாது.”

“எனக்குச் செவ்வாய்க்கிழமை முழுவதுமே அப்படித்தான்” என்றார் மார்ஷா. முதல் முறையாக இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரித்தோம். பிறகு அவர் தாளைக் கீழே வைத்தார். “இவ்வளவும் படித்துவிட்டு ஏன் ஒன்றும் படிக்கவில்லை என்று சொன்னீர்கள்?”

“எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எல்லாரும் சொல்வோம். கேட்கிறவருக்கும் தெரியும்.”

“எனக்குத் தெரியாதே. நீங்கள் சொல்வதைத்தான் நான் இதில் எழுத முடியும்” என்று கணினியைக் காட்டினார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். “சொல்லுங்கள். இந்த நாளில் எத்தனை மணித்தியாலம்?”

நம்ப மாட்டீர்கள், அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் வருடமே அதில் கிடக்கிறது என்று தெரியும். இருந்தும் வாய்க்குள் அந்தப் பழைய பதில்தான் புரண்டது. நான் கெட்டிக்காரி என்று என் வாயாலேயே சொல்லிக்கொள்வதைப் போல வெட்கமாக இருந்தது. தாளைப் பார்த்தேன். பிறகு குனிந்துகொண்டு சொன்னேன்.

“மூன்று.”

“இந்த நாள்?”

“நாலு. நாலரை.”

ஒவ்வொரு தாளாகக் கேட்டார். ஒவ்வொரு தாளுக்கும் சொன்னேன். பத்தாவது தாளில் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. இருபதாவது தாளுக்கு அவர் கேட்க முதலே சொல்லிவிட்டேன். கடதாசியைக் கணக்கில் எடுக்க விதியில்லை என்றும், வகுப்பு நேரத்தையும் வீட்டுப் படிப்பு எவ்வளவு தேவை என்பதையும் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றும் மார்ஷா சொன்னார். அன்று பின்னேரமே என் விரிவுரையாளர் எழுதித் தந்தார். மறுநாள் செவ்வாய் விடிய ஏழு மணிக்கு, வகுப்புக்குப் போவதா பண்டகசாலைக்குப் போவதா என்று தெரியாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும்போது கைத்தொலைபேசி சத்தம் போட்டது. பண்டகசாலைப் பயிற்சி நிறுத்தப்பட்டுவிட்டது. வகுப்பு நேரம் முழுவதும், வீட்டுப் படிப்பில் ஒரு பகுதியும் சேர்க்கப்படும். மீதிக்கு வேலை தேடவேண்டும். ஒவ்வொரு மாதமும் திரும்பப் பார்ப்பார்கள். நான் அப்படியே ரயிலுக்கு ஓடினேன். மீதி நேரத்துக்கு நோர்பரியில் ஒரு மருந்துக்கடையில் சனி ஞாயிறு றாக்கைகளில் சாமான் அடுக்கும் வேலையும் பிறகு கிடைத்தது.

அன்றிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன். ‘ஐந்து முதல் எட்டு வரை, நொதிய இயக்கவியல்.’ எழுதி அனுப்பும் ஒவ்வொரு முறையும் யாரோ கண் வைத்துவிடுவார்களோ என்று ஒருக்கால் பயப்படுவேன். ஆனால் வேறொரு எண்ணமும் வருகிறது. ஊரில் வசந்தியும் நானும் படித்த மணித்தியாலங்கள் எத்தனை? விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் விடியும்வரை காத்திருந்து, முதல் வெளிச்சத்தில் முற்றத்தில் நடந்து நடந்து படித்த மணித்தியாலங்கள். ஆமியின் ஹெலிகொப்டர் வந்தால் மரத்துக்குக் கீழே நின்று, போனதும் விட்ட வரியிலிருந்து தொடர்ந்த மணித்தியாலங்கள். அவற்றை எந்த அரசாங்கமும் கேட்கவில்லை, எந்த ஜேர்னலிலும் அவை இல்லை. நாங்களே அவற்றை இல்லை இல்லை என்று சொல்லித்தான் வந்தோம். இங்கே ஒரு அந்நியப் பெண் தாள் தாளாகத் திருப்பி எத்தனை என்று கேட்டபோது, எனக்கு அந்தப் பழைய மணித்தியாலங்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும்போல இருந்தது. அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் மனம் அங்கே போய்விடுகிறது. ஷெல்லடிக்கு ஏங்குவாரா யாரும்? நான் அந்த வாங்குக்கு ஏங்குகிறேன். பக்கத்தில் இருந்து பொய் சொல்ல ஒருத்தி இருந்தாளே, அதற்கு ஏங்குகிறேன்.

பரீட்சை நாள் வந்தது. விடியக் கலண்டர் தாளைக் கிழித்தேன். அன்று பின்னால் ஒன்றும் எழுதவில்லை. வெறுமையாகவே மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். மண்டபத்து வாசலில் வகுப்புப் பிள்ளைகள் காதில் பாட்டோடு நின்றார்கள். கதவு திறக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கைத்தொலைபேசி சத்தம் போட்டது. ‘இந்த வாரம் எத்தனை மணித்தியாலம் படித்தீர்கள்?’ முப்பத்தொன்று என்று அடித்து அனுப்பினேன். ஒன்றும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அதை அனுப்பி முடிக்க வசந்தி கூப்பிட்டாள். அங்கே பாடசாலை விடும் நேரம். பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

“எப்பிடி, படிச்சு முடிஞ்சுதோ?”

“ஐயோ, ஒண்டும் படிக்கேல்லையடி.”

“அப்ப சரி” என்றாள். அவள் சிரிப்பது தெரிந்தது. “இதெல்லாம் முடிஞ்சாப்பிறகு ஒருக்கால் இஞ்சாலைப் பக்கம் வருவியோ?”

நான் அண்ணாந்து பார்த்தேன். லண்டன் வானம் வழமைபோல ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

“ஒரு இடமும் வரேல்லை” என்றேன்.

பின்னால் பாடசாலை மணி அடித்து ஓய்ந்தது.

“சரி” என்றாள் வசந்தி. “எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டிலை நிக்கிறன்.”

கைத்தொலைபேசியை அணைத்துக் கைப்பைக்குள் போட்டேன். முப்பத்தொரு மணித்தியாலமும், ஒன்றும் படிக்காததும் அதற்குள்தான் இருந்தன. மண்டபத்துக் கதவைத் திறந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.